8069-ஆம் கதவுக்கு வழி: வழக்கத்தில் இல்லாத போர்ட்டில் ஓடும் சர்வருக்குப் பார்வையாளர்களைக் கொண்டுசேர்க்க முழுமையான வழிகாட்டி

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் எனக்குத் தெரிந்த ஒரு ஜவுளிக்கடை இருக்கிறது. முன்பக்கம் சில்லறை, பின்பக்கம் மொத்த வியாபாரம். கிடங்கின் மூலையில், புடவைக் கட்டுகளுக்கு நடுவே, ஒரு பழைய கணினி. சரக்கு இருப்பையும் ஆர்டரையும் கவனிக்கும் ஒடூ மென்பொருள் அதில்தான் ஓடுகிறது. ஒடூவை நிறுவினால், நாம் மாற்றாதவரை, அது 8069 என்ற போர்ட்டில், அதாவது கணினியின் எண்ணிட்ட கதவுகளில் ஒன்றில், உட்கார்ந்துகொள்ளும். கடைக்காரர் ஒரு டொமைன் வாங்கி, அதன் பின்னால் முக்காற்புள்ளி போட்டு 8069 சேர்த்து, விசிட்டிங் கார்டு அடிக்கக் கொடுத்தார். அச்சகத்தில் அந்த இரண்டு புள்ளிகளை மைச்சிதறல் என்று நினைத்தார்களோ என்னவோ, அவற்றை நீக்கிவிட்டுப் பெயரோடு எண்ணை ஒட்டி ஆயிரம் கார்டுகள் அடித்துத் தந்துவிட்டார்கள்.

"தம்பி, நெல்லூரிலிருந்தும் சித்தூரிலிருந்தும் ஃபோன் மேல் ஃபோன். அப்படி ஒரு தளமே இல்லை என்கிறார்கள்" என்று என்னைக் கூப்பிட்டார்.

கார்டு சரியாக வந்திருந்தாலும் தளம் திறந்திருக்காது. அதற்கான காரணம் கீழே வருகிறது. அந்தக் கடையில் நான் கற்றதையும், அதற்கு முன்பும் பின்பும் வேறு இடங்களில் பட்டுத் தெரிந்துகொண்டதையும் வரிசையாக எழுதுகிறேன். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: போர்ட் எண்ணை நினைவில் வைத்துக்கொள்வது வாடிக்கையாளரின் வேலை இல்லை, அது நம் வேலை.

கட்டளைகளையும் அமைப்பு வரிகளையும் உச்சரிப்புப்படியே எழுதியிருக்கிறேன். கணினியில் அடிக்கும்போது, பெரிய எழுத்து என்று நான் சொல்லும் இடங்கள் தவிர, ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் அடியுங்கள்.

டிஎன்எஸ் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது

ராயபுரம் பக்கம் கன்டெய்னர் லாரி ஓட்டுபவரிடம் "துறைமுகத்துக்குப் போ" என்றால், எந்த வாயில் என்று கேட்க மாட்டார். நேராக ஜீரோ கேட் வரிசையில் போய் நிற்பார். பிரவுசரும் அப்படித்தான். வேறு எண் சொல்லாவிட்டால், எச்டிடிபி (பிரவுசரும் தளமும் பேசிக்கொள்ளும் முறை) என்றால் 80-ஆம் போர்ட், எச்டிடிபிஎஸ் (அதற்குப் பூட்டுப் போட்ட வடிவம்) என்றால் 443. உங்கள் சர்வர் 8069-இலோ 3000-இலோ காத்துக்கொண்டிருப்பது அதற்குத் தெரியாது.

இந்த எண்ணை டிஎன்எஸ்ஸிலேயே, அதாவது டொமைன் பெயருக்கு எதிரே ஐபி முகவரியை (கணினியின் இணைய எண்) எழுதிவைக்கும் பதிவேட்டிலேயே, எழுதிவிட்டால் என்ன என்று எல்லோருக்கும் தோன்றும். பலர் ஐபி முகவரிக்குப் பின்னால் முக்காற்புள்ளி போட்டு 8069 என்று அடித்துப் பார்த்துவிட்டு, ஏன் சிவப்பு எழுத்தில் பிழை வருகிறது என்று கேட்கிறார்கள். ‘ஏ’ பதிவில் ஐபி முகவரிக்கு மட்டும்தான் இடம். ‘சிநேம்’ பதிவு ஒரு பெயரை இன்னொரு பெயருக்குக் காட்டும், அவ்வளவுதான். ‘எஸ்ஆர்வி’ பதிவில் போர்ட்டுக்கு இடம் உண்டு. இணையத் தொலைபேசி, மைன்கிராஃப்ட் விளையாட்டு போன்றவை அதைப் படிக்கும். இணையப் பக்கம் திறக்கும் பிரவுசர்கள் படிப்பதில்லை. 2023-இல் தரப்படுத்தப்பட்ட ‘எச்டிடிபிஎஸ்’ பதிவு வகையிலும் போர்ட் எழுதலாம். ஆனால் நெல்லூர் வியாபாரியின் பழைய ஃபோன் அதை மதிக்கும் என்று நம்பி நான் கடை வைக்க மாட்டேன்.

ஆகவே டிஎன்எஸ் தெருவைக் காட்டும், கதவைக் காட்டாது. கதவைக் காட்டும் வேலை வேறு இடத்தில் நடக்க வேண்டும்.

எதையும் மாற்றுவதற்கு முன் மூன்று சோதனைகள்

முதல் சோதனை, சர்வர் இருக்கும் கணினியிலேயே. பிரவுசரில் 127.0.0.1 என்ற முகவரியையும் போர்ட் எண்ணையும் கொடுங்கள். திறக்காவிட்டால் கோளாறு மென்பொருளில் இருக்கிறது. ரவுட்டரைக் குடைந்து பயனில்லை. லினக்ஸ் என்றால் ‘எஸ்எஸ்’ கட்டளையை எல், டி, என், பி என்ற நான்கு தெரிவுகளுடன் கொடுத்தால் எந்த மென்பொருள் எந்தப் போர்ட்டில் காத்திருக்கிறது என்று பட்டியல் வரும். அதில் 0.0.0.0 என்று இருந்தால் வெளியாருக்கும் பதில் சொல்லும். 127.0.0.1 என்று இருந்தால் அந்தக் கணினிக்குள்ளேயே பேசிக்கொள்ளும்.

இரண்டாவது, அதே வைஃபையில் இருக்கும் இன்னொரு கணினியிலிருந்து. சர்வரின் உள்முகவரி 192.168.1.20 என்றால் அதையும் போர்ட்டையும் கொடுங்கள். முதல் சோதனை தேறி இது தோற்றால், அநேகமாக ஃபயர்வால் என்ற காவல் மென்பொருள் தடுக்கிறது.

மூன்றாவது, ஃபோனில் வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில். இதைத்தான் பெரும்பாலானவர்கள் செய்வதில்லை. நம் ஜவுளிக்கடைக்காரரும் செய்யவில்லை. டொமைனின் ‘ஏ’ பதிவில் யாரோ 192.168.1.20 என்றே எழுதிக் கொடுத்திருந்தார்கள். கடைக்குள் வைஃபையில் அழகாகத் திறந்தது. கடைக்குள் திறப்பது ஊருக்கெல்லாம் திறக்கும் என்று அவர் நம்பிவிட்டார். 10, 192.168 என்று தொடங்கும் முகவரிகளும், 172.16 முதல் 172.31 வரை தொடங்குபவையும் தனியார் உபயோகத்துக்கு ஒதுக்கப்பட்டவை. கொருக்குப்பேட்டையில் ஒரு வீட்டிலும் ஒரு 192.168.1.20 இருக்கும், மணலியில் ஒரு பட்டறையிலும் இருக்கும். அந்த எண்ணை டொமைனில் எழுதுவது, கடிதத்தில் "மாடி வீடு" என்று மட்டும் முகவரி எழுதித் தபால்பெட்டியில் போடுவதற்குச் சமம்.

கூடவே இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தில் ‘வான்’ (வெளிப்பக்க இணைப்பு) முகவரி என்று ஓர் எண் இருக்கும். ‘என் ஐபி என்ன’ என்று இணையத்தில் தேடினால் வரும் எண்ணோடு அதை ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் வாசல் உங்களுடையது. வேறாக இருந்தால், அதிலும் 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் எண்ணாக இருந்தால், இணைப்புக் கொடுத்தவர் ஒரே பொது முகவரியைப் பலருக்குப் பங்கிட்டிருக்கிறார். அடுக்குமாடியின் பொதுக்கதவுக்குச் சாவி உங்களிடம் இல்லை என்று பொருள். சிம் போட்ட ரவுட்டர்களில் இதைச் சர்வசாதாரணமாகப் பார்க்கலாம். இந்த நிலையில் அடுத்த பகுதி உங்களுக்கு உதவாது. சுரங்கம் பற்றிய பகுதிக்குப் போய்விடுங்கள்.

வாசல் உங்களுடையதானால்: ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங்

ரவுட்டரில் முதலில் சர்வர் கணினிக்கு உள்முகவரியை நிலையாக ஒதுக்குங்கள். இல்லாவிட்டால் ஒருநாள் மின்சாரம் போய் வந்தபின் 192.168.1.20 என்ற முகவரி பில் பிரின்டருக்குப் போய்விடும். பிறகு, வெளியே வந்து தட்டுபவரை உள்ளே சரியான கணினிக்கு அனுப்பும் போர்ட் ஃபார்வர்டிங் பகுதியில் வெளிப்போர்ட், உள்முகவரி, உள்போர்ட் என்ற மூன்றையும் நிரப்ப வேண்டும்.

இங்கே பலர் கவனிக்காத வசதி ஒன்று உண்டு. வெளிப்போர்ட்டும் உள்போர்ட்டும் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியமில்லை. வெளியே 80, உள்ளே 8069 என்று கொடுக்கலாம். பார்வையாளர் எண் எதுவும் அடிக்காமலே தளம் திறந்துவிடும். ஆனால் இது பூட்டில்லாத எச்டிடிபி. கடவுச்சொல் அடிக்கும் தளத்துக்கு இதோடு நிறுத்திக்கொள்வதை நான் ஏற்க மாட்டேன். சோதித்துப் பார்க்க மட்டும் போதும். சில இணைப்புகளில் உள்ளே வரும் 80-ஐத் தடுத்தும் வைத்திருப்பார்கள்.

அமைத்த பின் கடை வைஃபையிலிருந்து டொமைனை அடித்தால் திறக்காமல் போகலாம். உள்ளே இருந்துகொண்டே வெளிவாசல் வழியாக வருவதைச் சில ரவுட்டர்கள் அனுமதிப்பதில்லை. மொபைல் டேட்டாவில் பாருங்கள்.

பொது முகவரி அவ்வப்போது மாறுவதானால், மாறும்போதெல்லாம் டிஎன்எஸ் பதிவைத் திருத்தும் டைனமிக் டிஎன்எஸ் வசதியைப் பயன்படுத்துங்கள். பதிவின் ஆயுளை 300 நொடியாக வைத்தால், மாற்றம் சில நிமிடங்களில் பரவிவிடும்.

ரீடைரக்ட்: பழைய எண், புதிய எண்

சென்னையில் வீட்டு முகவரி எழுதும்போது பழைய எண் இது, புதிய எண் அது என்று இரண்டையும் எழுதும் வழக்கம் நமக்கு உண்டு. ரீடைரக்ட் அதைத்தான் செய்கிறது. பார்வையாளர் 80-இல் தட்டுகிறார். அங்கே இருப்பவர் "இங்கே இல்லை, 8069-இல் போய்க் கேளுங்கள்" என்று சொல்லி அனுப்புகிறார். பிரவுசர் புதிய முகவரிக்குத் தானே போகிறது. முகவரிப் பட்டையில் எண் தெரியும்.

உங்கள் முதன்மைத் தளம் வாடகை ஹோஸ்டிங்கில் இருந்து, ஒரே ஒரு பகுதி மட்டும் வேறு போர்ட்டில் ஓடினால் இது கைகொடுக்கும். 301 என்றால் நிரந்தரம், 302 என்றால் தற்காலிகம். படிவம் நிரப்பி அனுப்பும் தளமாக இருந்தால் 308 அல்லது 307 நல்லது. முதல் இரண்டில் பிரவுசர், அனுப்பிய படிவத்தை வெறும் பக்கக் கோரிக்கையாக மாற்றிவிடக்கூடும். பின் இரண்டில் மாற்றாது. சோதிக்கும்போது 301 போடாதீர்கள். பிரவுசர் அதை மனப்பாடம் செய்துகொள்ளும். நீங்கள் சர்வரில் திருத்திய பிறகும் அது பழைய இடத்துக்கே ஓடும், நீங்கள் உங்கள் அமைப்பைச் சந்தேகித்துக்கொண்டே இரவைக் கழிப்பீர்கள். நான் கழித்திருக்கிறேன்.

ரீடைரக்டை நான் நிரந்தரத் தீர்வாகப் பரிந்துரைக்காததற்குக் காரணம் எண் அசிங்கமாகத் தெரிவது மட்டுமல்ல. பல அலுவலக, கல்லூரி நெட்வொர்க்குகள் 80, 443 தவிர மற்றப் போர்ட்டுகளுக்கு வெளியே போக விடுவதில்லை. அங்கிருந்து வருபவருக்கு உங்கள் தளம் வெறும் சுழலும் வட்டம்தான். இன்னொரு பொறியும் உண்டு. ‘எச்எஸ்டிஎஸ்’ எனப்படும் ‘இனி எச்டிடிபிஎஸ் மட்டுமே’ என்ற தலைப்பை (பக்கத்தோடு சேர்த்து அனுப்பும் குறிப்பு) உங்கள் டொமைன் ஒருமுறை அனுப்பிவிட்டால், பிரவுசர் அதை அந்தப் பெயரின் எல்லாப் போர்ட்டுக்கும் பொருத்தும். 8069-இல் சாதாரண எச்டிடிபி ஓடினாலும் அங்கே எச்டிடிபிஎஸ் கேட்டு முட்டிக்கொண்டு நிற்கும்.

டொமைன் விற்பவர்கள் சிலர் முகவரியை மறைத்துத் தருவதாக ஒரு வசதி காட்டுவார்கள். வெற்றுப் பக்கத்துக்குள் உங்கள் தளத்தை ஒரு சட்டத்தில் மாட்டிக் காட்டும் வேலை அது. பூட்டுள்ள பக்கத்துக்குள் பூட்டில்லாத சட்டத்தைப் பிரவுசர் திறக்காது. அந்தப் பக்கமே போகாதீர்கள்.

ரிவர்ஸ் ப்ராக்ஸி: வாசலில் ஓர் ஆள்

எம்.சி. ரோட்டுக் கடையில் வாடிக்கையாளர் கிடங்குக்குள் போவதில்லை. பாயில் உட்கார்கிறார், கேட்டதைப் பையன் உள்ளே போய் எடுத்துவந்து விரிக்கிறான். எந்த அடுக்கிலிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியவும் வேண்டாம். ரிவர்ஸ் ப்ராக்ஸி அந்தப் பையன். 443-இல் நின்று கோரிக்கையை வாங்கி, உள்ளே 8069-இடம் கேட்டு, பதிலைத் தானே கொண்டுவந்து கொடுக்கும்.

எஞ்சின்எக்ஸ், அப்பாச்சி, ஹெச்ஏப்ராக்ஸி, கேடி என்று பல உண்டு. எச்டிடிபிஎஸ் பூட்டுக்குத் தேவையான சான்றிதழைத் தானே வாங்கிக்கொள்ளும் கேடி புதியவர்களுக்கு எளிது. எனக்குப் பழக்கமான எஞ்சின்எக்ஸை வைத்து, உபுண்டுவில் செய்யும் முறையைச் சொல்கிறேன்.

மென்பொருள் நிறுவும் ‘ஆப்ட்’ கட்டளை மூலம் எஞ்சின்எக்ஸை நிறுவிய பின், ‘சைட்ஸ்-அவைலபிள்’ என்ற அடைவில் உங்கள் தளத்துக்கு ஒரு கோப்பு உருவாக்குங்கள். அதில் ஒரு ‘சர்வர்’ தொகுதி. ‘லிசன்’ வரியில் 80, ‘சர்வர்_நேம்’ வரியில் உங்கள் டொமைன். அதற்குள் சாய்கோட்டுக்கான ‘லொகேஷன்’ தொகுதி. அதன் உயிர்நாடி ஒரே வரி: ‘ப்ராக்ஸி_பாஸ் எச்டிடிபி://127.0.0.1:8069’, முடிவில் அரைப்புள்ளி. எண்ணுக்குப் பின் சாய்கோடு சேர்ப்பதும் விடுவதும் வேறு வேறு விளைவு தரும். ‘லொகேஷன்’ வெறும் சாய்கோடாக இருந்தால் வித்தியாசம் தெரியாது. அதுவே ‘ஸ்டாக்’ போன்ற துணைப்பாதையானால், சாய்கோடு சேர்த்தால் அந்தப் பாதையை வெட்டிவிட்டு அனுப்பும். விட்டால் முழுவதுமாக அனுப்பும். ‘பக்கம் இல்லை’ என்று வரும் ‘404’ பிழைகளில் நான் பார்த்த பல இந்த ஒரு கோட்டால் வந்தவை.

அடுத்து, பையன் உள்ளே போகும்போது வாடிக்கையாளரைப் பற்றிச் சொல்ல வேண்டியவை. ‘ப்ராக்ஸி_செட்_ஹெடர்’ என்ற வரிகளில் மூன்றை அனுப்புங்கள்: பார்வையாளர் அடித்த பெயருக்கு ‘ஹோஸ்ட்’, அவருடைய ஐபிக்கு ‘எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார்’, வந்தது எச்டிடிபிஎஸ் வழியா என்பதற்கு ‘எக்ஸ்-ஃபார்வர்டட்-ப்ரோட்டோ’. முதலாவதை விட்டால் மென்பொருள் தரும் இணைப்புகள் 127.0.0.1 என்று வரும். மூன்றாவதை விட்டால், பூட்டில்லாமல் வந்ததாக நினைத்து மென்பொருள் எச்டிடிபிஎஸ்ஸுக்குத் திருப்பும், ப்ராக்ஸி மறுபடி உள்ளே அனுப்பும், இப்படியே சுற்றிச் சுற்றிக் கடைசியில் பிரவுசர் கைவிரிக்கும்.

ஒடூவுக்கென்று இரண்டு குறிப்புகள். அதன் அமைப்புக் கோப்பில் ‘ப்ராக்ஸி_மோட்’ என்பதை ‘ட்ரூ’ ஆக்கி, பார்வையாளர் அடித்த பெயரை ‘எக்ஸ்-ஃபார்வர்டட்-ஹோஸ்ட்’ தலைப்பிலும் அனுப்பினால்தான் இந்தத் தலைப்புகளை நம்பும். பல வொர்க்கர்களுடன் (ஒரே நேரத்தில் இயங்கும் பிரதிகள்) ஓட்டினால், உடனடிச் செய்திகளுக்கு 8072 என்ற இரண்டாவது போர்ட்டும் திறக்கும். புதிய பதிப்புகளில் ‘வெப்சாக்கெட்’ என்ற பாதையைத் தனி ‘லொகேஷன்’ ஆக்கி, ‘அப்கிரேட்’, ‘கனெக்ஷன்’ தலைப்புகளோடு அங்கே அனுப்ப வேண்டும்.

கோப்பைச் சேமித்து, ‘சைட்ஸ்-எனேபிள்டு’ அடைவில் அதற்கு ஓர் இணைப்புக் கொடுங்கள். ‘எஞ்சின்எக்ஸ் -டி’ என்று கொடுத்தால் எழுத்துப்பிழைகளைச் சொல்லும். அது சரி என்ற பிறகே ‘ரீலோட்’ செய்யுங்கள்.

இனி சான்றிதழ். செர்ட்பாட் கருவி லெட்ஸ் என்க்ரிப்ட்டிடம் இலவசமாக வாங்கித் தரும். புதுப்பித்தலையும் தானே கவனிக்கும். அதன் எச்டிடிபி முறைச் சோதனை 80-ஆம் போர்ட்டுக்குத்தான் வரும், 8069-க்கு வராது. 80 தடுக்கப்பட்டிருந்தால் டிஎன்எஸ் முறையைத் தேர்ந்தெடுங்கள். டொமைனில் ஒரு ‘டிஎக்ஸ்டி’ பதிவு போட்டு உரிமையைக் காட்டினால் போதும், எந்தப் போர்ட்டும் தேவையில்லை.

எல்லாம் ஓடத் தொடங்கியதும் பின்கதவைச் சாத்துங்கள். இதை மறப்பவர்களே அதிகம். ஒடூவில் ‘எச்டிடிபி_இன்டர்ஃபேஸ்’ என்பதை 127.0.0.1 ஆக்குங்கள், ரவுட்டரில் 8069-க்கான பழைய ஃபார்வர்டிங்கை அழித்துவிட்டு, 80-ஐயும் 443-ஐயும் ப்ராக்ஸி இருக்கும் கணினிக்குக் காட்டுங்கள். மென்பொருளைத் தனிப் பெட்டிக்குள் வைத்து இயக்கும் டாக்கரில் ஓட்டுபவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். டாக்கர் வெளியிடும் போர்ட், உபுண்டுவின் ‘யுஎஃப்டபிள்யூ’ ஃபயர்வால் தடையைத் தாண்டிக்கொண்டு வெளியே தெரியும். போர்ட் வரியில் எண்ணுக்கு முன் 127.0.0.1 சேர்த்தால் அடங்கும்.

ஒரே பெயரில் இரண்டு போர்ட்டுகளில் இரண்டு மென்பொருள்கள் ஓட்டுவதையும் தவிருங்கள். உள்ளே நுழைந்தவரை நினைவில் வைக்கப் பிரவுசர் சேமிக்கும் குக்கீகள் போர்ட்டைப் பிரித்துப் பார்ப்பதில்லை. 8069-இல் ஓர் ஒடூ, 8070-இல் இன்னோர் ஒடூ என்றால், ஒன்றில் நுழைந்ததும் மற்றது வெளியே தள்ளிவிடும். துணை டொமைன் ஆளுக்கொன்று கொடுங்கள். 443-இல் நிற்கும் ஒரே எஞ்சின்எக்ஸ் பெயரைப் பார்த்துப் பிரித்து அனுப்பும்.

வாசல் உங்களுடையது இல்லையென்றால்: சுரங்கம்

ஜவுளிக்கடை ரவுட்டரின் வெளிமுகவரி 100.72 என்று தொடங்கியது. அதாவது, ஃபார்வர்டிங் எத்தனை போட்டாலும் பயனில்லை. இதற்கு வழி, உள்ளிருந்து வெளியே ஓர் இணைப்பைப் போட்டு, அதன் வழியாகவே பார்வையாளரை உள்ளே அழைத்துவருவது.

ஒரு வழி கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் டனல். டொமைனின் டிஎன்எஸ்ஸை அவர்களிடம் மாற்றி, ‘கிளவுட்ஃபிளேர்டி’ நிரலைக் கடைக் கணினியில் நிறுவி, பெயருக்கு எதிரே லோக்கல்ஹோஸ்ட் (அதே கணினி) 8069 என்று குறித்தால் வேலை முடிந்தது. இலவசம், சான்றிதழும் அவர்களே தருவார்கள். பூட்டு அவர்கள் இடத்தில் திறக்கப்படுவதால், போக்குவரத்தை அவர்களால் படிக்க முடியும் என்பதை அறிந்து செய்யுங்கள். டனல் இல்லாமல் அவர்களுடைய ப்ராக்ஸியை மட்டும் பயன்படுத்துபவர்களுக்கு ஒரு தகவல்: அது 8080, 8443, 2053, 2083 போன்ற சில போர்ட்டுகளையே ஏற்கும், 8069 அதில் இல்லை. ‘ஆரிஜின் ரூல்ஸ்’ பகுதியில் சேரவேண்டிய போர்ட்டை மாற்றிக்கொள்ளலாம்.

இன்னொரு வழி, மாத வாடகைக்கு ஒரு சிறிய மேகச் சர்வர். அதற்குப் பொது முகவரி இருக்கும். எஞ்சின்எக்ஸும் சான்றிதழும் அங்கே. கடைக் கணினியிலிருந்து, இன்னொரு கணினியோடு பூட்டிய இணைப்புப் போடும் எஸ்எஸ்எச் கட்டளையைப் பெரிய ‘ஆர்’ தெரிவுடன் கொடுத்தால், மேகச் சர்வரின் 127.0.0.1:8069 கடையின் 8069-ஐத் தொடும். வழக்கமான அமைப்பில் அந்தப் போர்ட் வெளியே தெரியாது. ப்ராக்ஸிக்கு அதுவே போதும். வேகமும் நிலைத்தன்மையும் வேண்டுமானால் வயர்கார்ட் என்ற விபிஎன் மென்பொருள் இன்னும் மேல். கடைக்காரருக்கு நான் இந்த இரண்டாவது வழியைத்தான் செய்து கொடுத்தேன்.

அதிலும் ஒரு தவறு என்னுடையது. சுரங்கக் கட்டளையைக் கையால் அடித்து ஓடவிட்டு வந்துவிட்டேன். நாலாம் நாள் மின்சாரம் போனது; கணினி திரும்ப எழுந்தது, சுரங்கம் எழவில்லை. கணினி எழும்போதே நிரல்களைத் தொடங்கிவைக்கும் ‘சிஸ்டம்டி’யில் ஒரு சேவையாக எழுதி, அறுந்தால் தானே மீளும்படி ‘ரீஸ்டார்ட்’ (முதல் எழுத்து பெரிய எழுத்து) வரியில் ‘ஆல்வேஸ்’ போட்டேன். ரவுட்டருக்கும் சேர்த்து ஒரு யுபிஎஸ் வாங்கச் சொன்னேன்.

புதிதாகப் போர்ட் எண் தேர்ந்தெடுப்பவருக்கு

மொத்தம் 0 முதல் 65535 வரை. லினக்ஸில் 1024-க்குக் கீழே உள்ளவற்றைத் திறக்க ரூட் அதிகாரமோ அதற்கான தனி அனுமதியோ வேண்டும். பல மென்பொருள்கள் 8000, 8080 என்று மேலே போய் உட்கார்வதற்கு இது ஒரு காரணம். 49152 முதல் மேலே உள்ளவை கணினி தற்காலிகமாக எடுத்துக்கொள்ள ஒதுக்கப்பட்டவை, அங்கே போகாதீர்கள். நடுவிலும் சில கண்ணிகள் உண்டு: 6000, 6665 முதல் 6669 வரை, 10080 போன்றவற்றைக் குரோம் பாதுகாப்புக் கருதித் திறக்கவே மறுக்கும். சர்வர் சரியாக இருந்தும் பக்கம் வரவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம்.

பிழை எண்கள் சொல்வது

502 என்றால் வாசலில் ஆள் இருக்கிறார், கிடங்கில் யாரும் இல்லை. மென்பொருள் நின்றிருக்கும் அல்லது போர்ட் எண் தவறு. ரெட்ஹேட் வகை லினக்ஸில் எல்லாம் சரியாக இருந்தும் 502 வந்தால், எஸ்இலினக்ஸ் என்ற பாதுகாப்பு அடுக்கின் ‘எச்டிடிபிடி_கேன்_நெட்வொர்க்_கனெக்ட்’ அனுமதியைப் பாருங்கள். 504 என்றால் உள்ளே ஆள் இருக்கிறார், பதில் சொல்லத் தாமதிக்கிறார்; எஞ்சின்எக்ஸ் வழக்கமாக 60 நொடி காத்திருக்கும். 413 என்றால் அனுப்பிய கோப்பு பெரிது. எஞ்சின்எக்ஸ் தானாக விடுவது 1 எம்பி மட்டுமே. புடவைப் படங்களை ஃபோனிலிருந்து ஏற்றிய முதல் நாளே கடையில் இது வந்தது. ‘கிளையன்ட்_மேக்ஸ்_பாடி_சைஸ்’ வரியில் 20எம் என்று கொடுத்ததும் போனது.

இப்போது நெல்லூர்க்காரர்கள் வெறும் பெயரை அடித்தாலே சரக்குப் பட்டியல் வருகிறது. புதிய கார்டில் எண்ணும் இல்லை, புள்ளியும் இல்லை. பழைய ஆயிரம் கார்டுகளின் பின்பக்கம் வெள்ளையாக இருந்ததால், விலை எழுதிப் புடவைக் கட்டுகளில் செருகி வைத்திருக்கிறார்கள்.